ஏழு பொன்னாடைகளும் பெயரில்லாத ஒரு பட்டனும்

என் பீரோவின் மேல்தட்டில் ஏழு பொன்னாடைகள் மடித்து வைத்திருக்கிறேன். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை உருப்படி வரவில்லை. ஏழும் ஒரே கல்லூரி போர்த்தியது. நான் சாதனை எதுவும் செய்துவிடவில்லை. ஆறு முறை புகார் கொடுத்தேன், ஏழாவது முறை தேர்வெழுதப் போனேன், அவ்வளவுதான். எங்கள் பக்கம் புகார் சொல்ல வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் கிடையாது. காபி கொடுப்பார்கள், பணியாரம் கொடுப்பார்கள், பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுப்பார்கள். புகார் மட்டும் கொடுத்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும்.

எனக்குக் கண் தெரியாது. பதினோரு வயதில் போனது. காரைக்குடியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருந்தேன். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் பார்கோடைக் கருவிக்குக் காட்டினால் போதும், அது என்ன புத்தகம், யார் எடுத்தார், என்றைக்குத் திருப்ப வேண்டும் என்று கணினி சொல்லிவிடும். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் அதில் உண்டு. அதில் வருவது பெண்குரல். நான் அவளுக்கு அம்மணி என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் அம்மணியும் நானும் ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைக்கவில்லை. கண் தெரிந்தவர்கள் தொலைத்ததைப் பற்றி நான் பேசக் கூடாது.

அந்த நூலகத்தில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. அதற்கு நூலக டிப்ளமோ வேண்டும் என்றார்கள். அந்த டிப்ளமோவை எங்கள் கல்லூரியே புதிதாக இணையத்தில் நடத்தப்போவதாகவும் சொன்னார்கள். ஆறு மாதம் பாடம், கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் பட்டியலில் பெயர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நிரந்தர இடம் கிடையாது என்பது கல்லூரி விதி, எனக்கு அப்போதே நாற்பத்து மூன்று. தற்காலிகம், தற்காலிகம் என்று கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையதளத்தைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்கள். மறுநாள் மானகிரியில் என் வீட்டில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தேன். அம்மணி படித்தாள்: "பட்டன். பட்டன். பட்டன். படம். இணைப்பு. பட்டன்." எந்தப் பட்டன், எதற்கான பட்டன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செய்தவர்கள் பட்டன்களுக்குள் பெயரெழுதவில்லை. கண்ணால் பார்க்கிறவர்களுக்கு வீடு, பூட்டு, அம்பு என்று குட்டிக் குட்டிப் படமாகத் தெரியும். எங்களுக்கு எல்லாம் பட்டன்தான். நான் மனிதப்பிறவிதான் என்று நிரூபிப்பதற்காக, கீழே உள்ள படங்களில் மோட்டார் சைக்கிள் எதில் இருக்கிறது என்றும் அந்தத் தளம் கேட்டது. மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் பார்த்துச் சொன்னார். அந்த வகையில் நான் மனுஷி என்று நிரூபணமானது.

பாடப்புத்தகம் எல்லாம் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டது. அம்மணி ஒவ்வொன்றையும் திறந்து, "வெற்றுப் பக்கம்" என்றாள். நூற்றுச் சொச்சம் வெற்றுப் பக்கங்கள். வீடியோவாவது கேட்கலாம் என்று போட்டேன். பாடம் நடத்தியவர் கணினித் துறைத் தலைவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பாசத்துக்குக் குறைவே கிடையாது. வீடியோவில் அக்கா சொன்னது இதுதான்: "இதை இங்குட்டு எடுக்குறோம். எடுத்து அங்குட்டு வைக்கிறோம். வச்சதும் இது இப்படி மாறிடும். பாத்தீகளா, எம்புட்டு ஈசி!" முக்கால் மணி நேரம். நான் நான்கு முறை கேட்டேன். எதை எங்குட்டு வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் புகாரை எழுதிக்கொண்டு செயலரைப் பார்க்கப் போனேன். கல்லூரியை நடத்தும் குடும்பத்தில் மூத்தவர் அவர். அவருடைய அறை பழைய பங்களாவில் இருக்கிறது. ஏழு படி ஏறி, முழங்கால் உயர நிலைப்படியைத் தாண்டி உள்ளே போக வேண்டும். உடல் ஊனமுற்றோர் குறைகேட்பு அறை என்று அந்த வாசலில் பலகை மாட்டியிருப்பதாக யாரோ சொன்னார்கள். நல்ல பொருத்தம்.

செயலர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்காத்தா, உக்காருங்க. இம்புட்டுத் தூரம் நீங்க வரணுமா? சொல்லிவிட்டா நாங்க வரமாட்டமா?" என்றார். புகாரை முழுக்கக் கேட்டார். உண்மையிலேயே கலங்கினார். "எங்க கண்ணத் தொறந்துட்டீக" என்றார். கண்ணைத் திறந்தவள் நான்தான் என்பதில் அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வெள்ளைப் பணியாரம் வந்தது, காபி வந்தது, பொன்னாடை வந்தது. பணியாரம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

இரண்டாவது புகாருக்கு ஒரு குழு அமைத்தார்கள். பதினோரு பேர், அக்கா தலைவி. பதினோரு பேருக்கும் நல்ல கண். தளம் எப்படி இருக்கிறது என்று ஆராய்வதற்காகப் பதினோரு பேரும் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார்கள். கண்ணைக் கட்டினால் திரை தெரியாது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள். அம்மணியை யாரும் இயக்கிப் பார்க்கவில்லை. கண் கட்டிய போட்டோ வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அம்மணி "படம்" என்றாள்.

அடுத்த வாரம் முன்னேற்றம் ஆரம்பித்தது. முதலில் எழுத்துகளைப் பெரிதாக்கினார்கள். எனக்கு எவ்வளவு பெரிதாக்கினாலும் பரவாயில்லை. அடுத்து பட்டன்களுக்கெல்லாம் பளிச்சென்று நிறம் கொடுத்தார்கள். அப்புறம், கண் தெரியாதவர்களுக்குக் காதால் ஒரு வரவேற்பு கொடுக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றி, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நாதஸ்வரம் தானாக ஒலிக்கும்படி செய்தார்கள். மங்களகரமான தளம். மேளச்சத்தத்துக்கு நடுவில் அம்மணி பட்டன் பட்டன் என்று கத்திக்கொண்டிருப்பாள், எனக்கு ஒன்றும் கேட்காது. நான் பாடம் படிக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரர்கள் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்கள்.

மூன்றாவது புகாரில், படங்களுக்கெல்லாம் அதில் என்ன இருக்கிறது என்று நாலு வார்த்தை எழுதி வைக்க வேண்டும், அதை அம்மணி படிப்பாள் என்று விளக்கினேன். குழு மகிழ்ச்சியோடு எழுதியது. ஒரே ஒரு வரியை எழுதி எல்லாப் படத்துக்கும் ஒட்டிவிட்டது. "செயலர் அவர்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைக்கும் இனிய காட்சி." நூல்களை வகைப்படுத்தும் வரைபடம் இருந்த இடத்திலும் செயலர் விளக்கேற்றினார். அலமாரி அளவுகள் இருந்த இடத்திலும் விளக்கேற்றினார். ஆறாம் பாடத்தில் மட்டும் பதினான்கு முறை ஏற்றினார். அதை யார் எடுக்கச் சொல்வது என்று குழுவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

அந்தப் பதினோரு பேரில் சேராத ஒருவர் இருந்தார். தேவகோட்டையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வந்துபோகும் புரோகிராமர். தளத்தைச் செய்தவர் அவர்தான். ஒருநாள் மத்தியானம் நூலகத்துக்கு வந்து, "மேடம், என்ன குறைன்னு எனக்கு யாரும் சொல்லல. ஃபைல்ல பொன்னாடை போட்டோதான் இருக்கு. நீங்களே காட்டுறீகளா?" என்றார். நான் கணினியின் திரையை அணைத்தேன். நாதஸ்வரத்தையும் நிறுத்தச் சொன்னேன். அம்மணியை மட்டும் பேசவிட்டேன்.

மாதிரித் தேர்வுப் பக்கத்தைத் திறந்தோம். அங்கே ஒரு கடிகாரம் உண்டு. அம்மணி அதைப் படித்தாள். "இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. இன்னும் ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தேழு நொடி." ஒவ்வொரு நொடியும் சொன்னாள். கேள்வியைப் படிக்க ஆரம்பிப்பாள், முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டு மறுபடி நொடிக்குப் போவாள். புரோகிராமர் ஐந்து நிமிடம் கேட்டார். "இதக் கேட்டுக்கிட்டா பரீட்சை எழுதுவீக?" என்றார். குரல் மாறியிருந்தது. அடுத்த வாரமே கடிகாரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் பேசியது. பட்டன்களுக்குப் பெயர் வந்தது. மோட்டார் சைக்கிள் போனது. மேளக்காரர்கள் வெளியேறினார்கள். அந்த மனுஷனுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

வெற்றுப் பக்கங்கள் மட்டும், இன்னும் மூன்று புகாரும் மூன்று பொன்னாடையும் ஆன பிறகும், அப்படியே இருந்தன. அதற்கு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், குழுவில் பேச வேண்டும். தேர்வு அதற்குக் காத்திருக்காது. அதனால் முதல் மாதத்திலிருந்தே என் வீட்டுக்காரர், கடை மூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கங்களைப் போனில் படித்துப் பதிவு செய்தார். ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல் வாசிப்பது போலத்தான் வாசிப்பார். தெரியாத சொல் வந்தால் நிறுத்தி, "இது எந்த வண்டிக்கு?" என்பார். ஆறு மாதம் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு மானகிரிக்கும் காரைக்குடிக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். நூலக விதிகள் எல்லாம் எனக்கு இன்றும் அவர் குரலில்தான் ஞாபகம் இருக்கின்றன.

தேர்வு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தளம் எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்பார்களாம். வெள்ளி காலை பதினோரு மணிக்கு நூலகக் கணினியில் உட்கார்ந்து உள்ளே நுழைந்தேன். அம்மணி, எந்தத் தடங்கலும் இல்லாமல், தெளிவாகப் படித்தாள்: "தேர்வு முடிந்தது. உங்கள் மதிப்பெண் தொண்ணூற்றிரண்டு. வாழ்த்துகள்."

அந்தத் தளத்தில் ஒரு குறையும் இல்லாமல் நான் கேட்ட முதல் பக்கம் அது.

அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் தங்கச்சி. உன் பாஸ்வேர்டு நாங்க போட்டுக் குடுத்ததுதானே, மாத்தாமயே வச்சிருந்த. நேத்து சாயங்காலமே தேர்வத் தொறந்து, நாங்க மூணு பேர் உக்காந்து எழுதிட்டோம். நீ எதுக்குப் பாவம் கஷ்டப்படணும்?" என்றார். அவர் கையில் வியர்வை. சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. இலை போட்டு, பரிமாறி, எனக்குப் பதிலாக அவர்களே சாப்பிட்டும் முடித்திருந்தார்கள். அதுவும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. அப்படியும் எட்டு மதிப்பெண்ணை விட்டிருக்கிறார்கள்.

செயலர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஏழாவது பொன்னாடை தயாராக இருந்தது. அறிக்கையும் தயாராக இருந்தது. அக்காவே வாசித்தார்: "பார்வையற்ற பயனர் ஒருவர் எவ்வித உதவியுமின்றித் தேர்வெழுதி முதல் வகுப்பில் தேறியுள்ளார். எனவே தளம் அனைவருக்கும் ஏற்றது என உறுதி செய்யப்படுகிறது." கீழே பயனர் ஒப்பம். யாரோ என் கட்டைவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் வைக்கப் போனார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கல்லூரியில் தினமும் கையெழுத்துப் போடுகிறவள் நான்.

பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிடம், போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. பட்டியலில் பெயர் வந்துவிடும், தற்காலிகம் போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டை கட்டிப்போய் வாசித்த அந்தக் குரல் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது, அதைவிட அவமானமாக இருந்தது. ஆறு மாதம் படித்தவளுக்கு ஒரு கேள்வியைக்கூட இவர்கள் மிச்சம் வைக்கவில்லை. விரலை இழுத்துக்கொண்டு, "அதை அழிங்க. நான் எழுதணும்" என்றேன்.

"என்னாத்தா இப்படிச் சொல்றீக? எல்லாரும் சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கோம்" என்றார் செயலர். "திங்கக்கெழம ஆளுக வாராக."

"வரட்டும். அவுக முன்னாடியே எழுதுறேன்."

செயலருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. சென்னைக்காரர்கள் பின்னால் நிற்க, கண் தெரியாத பெண் தேர்வெழுதுகிறாள், போட்டோவுக்கு அதைவிட என்ன வேண்டும்? உடனே ஒப்புக்கொண்டார். ஏழாவது பொன்னாடையையும் போர்த்திவிட்டார், கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாதாம்.

புரோகிராமர் அந்தத் தொண்ணூற்றிரண்டை அழித்துத் தந்தார். தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், தேர்வோட கடைசிப் பக்கத்த மட்டும் நான் இன்னும் தொடல. சென்னைக் குழு வந்துட்டுப் போற வரைக்கும் எதையும் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்காக. அங்க ரெண்டு பட்டன் இருக்கும், ஒண்ணு அனுப்ப, ஒண்ணு அழிக்க. பேர் இருக்காது."

திங்கட்கிழமை மூன்று பேர் வந்தார்கள். தலைவராக வந்தது ஒரு அம்மாள். என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அறுபது கேள்வி. அம்மணி படிக்கப் படிக்க எழுதினேன். எட்டு, ஒன்பது கேள்விகளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டேன், அதுவே ஒரு நிம்மதியாக இருந்தது. இருபது நிமிடம் மிச்சமிருக்கும்போது கடைசிப் பக்கம் வந்தது.

"பட்டன். பட்டன்," என்றாள் அம்மணி.

ஒன்று விடைகளைச் சமர்ப்பிக்கும். மற்றது எல்லாவற்றையும் அழித்துவிடும். எது எது என்று அவளுக்குத் தெரியாது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல எதை அமுக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டேன்.

"பச்சையா அங்குட்டு இருக்குல்ல தங்கச்சி, அதை அமுக்கு" என்றார் அக்கா. சொன்ன பிறகு அவருக்கே ஏதோ பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்து, "வலது பக்கம்" என்றார்.

"வீட்டுல உக்காந்து எழுதுற பிள்ளைக்குப் பச்சை எதுன்னு யாருக்கா சொல்லுவா?"

அக்காவின் கை என் கையின் மேல் வந்து சுட்டியைப் பிடித்தது. "நேரம் போகுது, கொடு, நான் அமுக்கிடுறேன்" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் சொன்னதைக் கேட்டு வலது பட்டனை அமுக்கியிருந்தால் நான் அன்றைக்கே தேறியிருப்பேன். எவ்வித உதவியுமின்றி என்று அறிக்கையும் போயிருக்கும். வீம்பு என்றார் என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம். வீம்புதான். பூவா தலையா போட்டுத் தேர்வெழுதுவதற்கு நான் ஆறு மாதம் படிக்கவில்லை.

இருபது நிமிடமும் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் சும்மா இருந்து பார்த்திராத கல்லூரி அது. கடிகாரம் ஒருமுறை பேசியது. கடைசியில் அம்மணி சொன்னாள்: "நேரம் முடிந்தது. விடைகள் சமர்ப்பிக்கப்படவில்லை. மதிப்பெண் பூஜ்யம்." சென்னை அம்மாள் பேனாவை எடுத்து எழுதும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் அக்கா அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அங்கே அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அந்த முறை பட்டியலில் என் பெயர் வரவில்லை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று இடத்தைக் காலியாகவே விட்டார்கள். செயலர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. காபி நின்றது, பணியாரம் நின்றது, பொன்னாடை நின்றது. அப்போதுதான் வேலை நடக்க ஆரம்பித்தது. புரோகிராமர் முதல் வேலையாக அந்த இரண்டு பட்டன்களுக்குப் பெயர் எழுதினார். மொத்தம் நாலு சொல். அவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். வெற்றுப் பக்கங்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். செயலர் ஒவ்வொரு படத்திலிருந்தும் விளக்கோடு இறங்கினார்.

அக்கா வீடியோக்களை மறுபடி எடுத்தார். ஒவ்வொன்றையும் வெளியிடும் முன் திரையை அணைத்துவிட்டுக் கேட்பாராம், என்னிடம் சொல்லவில்லை, புரோகிராமர் சொன்னார். புதிய வீடியோவில், "மேல்வரிசையில் தேடு என்று ஒரு பெட்டி இருக்கு, அதுல நூலாசிரியர் பேர எழுதுங்க" என்று வந்தது. நடுவில் ஒருமுறை "இதை இங்குட்டு" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, மூச்சு விட்டுத் திருத்திச் சொன்னார். அந்த இடத்தை வெட்டாமல் விட்டிருந்தார்கள்.

அடுத்த தேர்வை என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் அம்மணி, "விடைகளைச் சமர்ப்பி, பட்டன்" என்றாள். அமுக்கினேன். எழுபத்தொன்று. என் பெயரில் அக்கா வாங்கியதைவிட இருபத்தொன்று குறைவு. அந்த மதிப்பெண்ணுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள்: பணி நியமனம் தொடர்பாக. இணைப்பைத் திறந்தேன். அம்மணி, "வெற்றுப் பக்கம்" என்றாள். ஆணையை அச்சடித்து, கையெழுத்து வாங்கி, படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். வேலை கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பக்கத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரும் கடையில் இருந்தார்.

போன் அடித்தது. அக்கா.

"தங்கச்சி, ஆபீஸ்ல படமா அனுப்பிட்டாகளாம், இப்பத்தான் பாத்தேன். போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன், டைப் அடிச்சுத் திரும்ப அனுப்புறாக. ரெண்டு மணி நேரம் ஆகும்." அவர் கையில் அந்தத் தாள் இருந்தது, சத்தம் கேட்டது. அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சொல்ல அவருக்கு வாய் எவ்வளவு துடித்திருக்கும் என்று எனக்கும் தெரியும். "நான் படிச்சுச் சொல்லவா, இல்ல நீயே படிச்சுக்கிறியா?" என்று கேட்டார்.

"நானே படிச்சுக்கிறேன் அக்கா" என்றேன்.

"சரி" என்று போனை வைத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மணியை இயக்கி வைத்துவிட்டு, காத்திருந்தேன்.